புளிப்பை இனிப்பாக்கியவர்கள்

மேற்கு ஆப்பிரிக்காவின் அதிசயப் பழத்தைப் பற்றிய அறிவியல் வரலாறு பெரும்பாலும் 1968-இல் தொடங்குகிறது. அமெரிக்காவில் குரிஹாராவும் பைட்லரும் அப்பழத்திலிருந்து மிராக்குலின் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்த ஆண்டு அது. இந்தத் தொடக்கம் தவறு என்றே நான் கருதுகிறேன். 1725-இல் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் பயணம் போன பிரெஞ்சுக்காரர் தே மார்ஷே, ஊர் மக்கள் சாப்பாட்டுக்கு முன் இச்சிறு சிவப்புப் பழத்தை மெல்லும் வழக்கத்தைப் பதிவு செய்தார். புளித்த சோள உணவும் புளித்த கள்ளும் அதனால் இனித்ததை 1852-இல் ஆங்கிலேய மருத்துவர் டேனியல் எழுதினார். பழத்தில் சொல்லும்படியான இனிப்பு கிடையாது. மெல்லிய சதையை நாக்கில் புரட்டினால் மிராக்குலின் இனிப்பு ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். அமிலம் பட்டதும் அவற்றைத் தூண்டிவிடும். அடுத்த ஒரு மணி நேரம்வரைகூட எலுமிச்சை இனிக்கும்.

புரதம் என்றே அறியாதவர்களைக் கண்டுபிடிப்பாளர்கள் என்பதா என்று கேட்கலாம். காரணம் சொன்னது ஆய்வகம்தான். அதை மறுக்க முடியாது. ஆனால் முதலில் பழம், பிறகே உணவு என்ற வரிசையும், புளிப்பின் மேல்தான் இது வேலை செய்யும் என்ற தெளிவும் சும்மா வந்துவிடாது. அவை பலமுறை சோதித்துத் தேறிய அறிவு. ஆய்வகம் அங்கிருந்துதான் புறப்பட்டது. கட்டெம்ஃபே என்ற செடியின் கதையும் இதுவே. அதன் அகன்ற இலையில் மேற்கு ஆப்பிரிக்கர்கள் சோறு மடிப்பார்கள். தரையோடு ஒட்டிக் காய்க்கும் முக்கோணச் சிவப்புப் பழத்துக்குள், கறுப்பு விதையைச் சுற்றிய வழவழப்பான சதையில் இருக்கிறது இனிப்பு. டேனியல் 1855-இலேயே எழுதிய அந்த இனிப்பை, 1972-இல் யூனிலீவர் ஆய்வகத்தில் வான் டெர் வெல்லும் லூவேவும் தௌமாட்டின் என்ற புரதமாகப் பிரித்தார்கள். எடைக்கு எடை சர்க்கரையைவிட ஆயிரக்கணக்கான மடங்கு இனிப்பு அது.

இப்போது இத்தகைய புரதங்களை நுண்ணுயிரிகளே தயாரித்துத் தருகின்றன, யார் தோட்டத்திலிருந்தும் எதையும் பறிப்பதில்லையே என்பது இன்னொரு வாதம். எனக்கு இதுதான் கவலையளிக்கிறது. பழம் வாங்கினால் பறித்தவருக்குக் கூலியாவது சேரும். மரபணு போதும் என்றானபின் அதுவும் இல்லை. மரபறிவுக்கு ஒப்புதலும் பலனில் பங்கும் கோரும் நகோயா ஒப்பந்தம் 2014-இல்தான் நடைமுறைக்கு வந்தது. மத்திய ஆப்பிரிக்கக் காட்டுக்கொடி ஒன்றின் பிரசைன் என்ற இனிப்புப் புரதத்துக்கு, அதற்கு 20 ஆண்டுகள் முன்பே, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அறக்கட்டளை அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டது.