கரும்பலகையும் சிலேட்டும்

வகுப்பறையில் கரும்பலகை எல்லோருக்கும் பொது. சிலேட்டு அவரவர்க்கே உரியது. கணக்குப் போடும் பையன் சிலேட்டைக் கையால் மறைத்துக்கொள்வான். விடை சரி என்று துணிந்த பின்னரே பலகைக்கு எழுந்து வருவான். நெடுங்காலம் இதைக் கண்டு பழகிய எனக்கு, கணிப்பொறித் திரையைப் பலர் பகிர்ந்துகொண்ட வரலாறு புதிதாகத் தோன்றவில்லை.

1968-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பார் ஏறத்தாழ ஆயிரம் பேர் முன்னிலையில் ஒரு காட்சி நடத்தினார். மென்லோ பார்க் என்னும் ஊரில் இருந்த தம் உடனுழைப்பாளர் ஒருவருடன், ஒரே எழுத்துப் பகுதியை ஒரே நேரத்தில் கண்டு உரையாடினார். திரைகளை இணைக்கலாம் என்பது அன்றே தெளிவாயிற்று. எதை மறைப்பது, எதைக் காட்டுவது என்பதே பின்னர் எழுந்த சிக்கல்.

அச்சிக்கலை 1980-களில் நேர்நின்று எதிர்கொண்டவர்கள், பாலோ ஆல்ட்டோவிலிருந்த ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்து அறிஞர் மார்க் ஸ்டெபிக்கும் அவர் குழுவினரும் ஆவர். அவர்கள் அமைத்த ஆலோசனை அறைக்குக் கோலாப் என்று பெயர். இருவர் முதல் அறுவர் வரை அமரலாம், ஆளுக்கொரு கணிப்பொறி, சுவரில் பெரிய திரை ஒன்று. 'நீ காண்பதே நான் காண்பதும்' என்பது அவர்கள் முதலில் கொண்ட கொள்கை. கேட்பதற்கு இனிய கொள்கைதான்! ஆனால் எல்லோருடைய சுட்டுக்குறிகளும் எல்லாத் திரைகளிலும் ஓடியபோது கவனம் சிதறியது. ஒருவர் பக்கத்தை நகர்த்தினால் மற்றவர் படித்துக்கொண்டிருந்த வரியும் நகர்ந்துவிடும். ஆகவே கொள்கையைத் தளர்த்தினர். சில கட்டங்கள் பொதுவாயின, சில தனியாயின. வேண்டும்போது மட்டுமே பிறர் காணச் சுட்டலாம் என்றாயிற்று. ஒருவர் திருத்திக்கொண்டிருக்கும் பகுதி மற்றவர் திரையில் மங்கித் தோன்றி, 'இங்கே வேலை நடக்கிறது' என்று அறிவித்தது.

இத்துடன் குறை தீர்ந்ததோ? தீரவில்லை. அவ்வறைக்கென அமைந்த காக்னோட்டர் என்னும் கருவியில், கருத்தைத் தனிக் கட்டத்தில் எழுதி முடித்த பின்னரே பொதுவில் விடவேண்டும். 1991-இல் வெளியான ஆய்வு, இதனாலேயே பேச்சு இடறியதை எடுத்துக்காட்டியது. அருகிலிருப்பவர் என்ன எழுதுகிறார் என்பது தெரியாது. எழுதியது திடீரென்று வந்து நிற்கும். யார் எழுதியது என்பதும் விளங்காது.

என் வகுப்பிலும் கெட்டிக்காரப் பையன் ஒருவன் இருந்தான். வழிமுறை முழுவதையும் சிலேட்டிலேயே முடித்து அழித்துவிட்டு, பலகையில் விடையை மட்டும் எழுதிவிட்டு அமர்வான். விடை சரியாகவே இருக்கும், ஏனையோர் விழிப்பர். அவனைப் பாராட்டுவதா, கடிந்துகொள்வதா என்று நான் பலமுறை தயங்கியதுண்டு.

ஜெராக்ஸ் குழுவினர் தங்கள் கருவியை மீண்டும் ஆராய்ந்து, எழுதும்போதே மற்றவரும் கண்டு உடன் எழுதத்தக்க வகையில் அதைத் திருத்தி அமைக்க முற்பட்டனர்.