புள்ளலூர்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், காஞ்சிபுரம் நகருக்கு வடக்கே உள்ள சிற்றூர். இரண்டாம் ஆங்கிலேய–மைசூர்ப் போரின்போது, 1780 செப்டம்பர் 10 அன்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் வில்லியம் பெய்லி, மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலி, அவர் மகன் திப்பு ஆகியோரின் படையிடம் இவ்வூரருகே சரணடைந்தார்.

பல்லவர் காலம்

இவ்வூர் அதற்கு முன்பே போர்க்களமாக இருந்தது. முதலாம் மகேந்திரவர்மன் தன் முதன்மைப் பகைவர்களைப் புள்ளலூரில் அழித்ததாகக் காசாக்குடிச் செப்பேடுகள் கூறுகின்றன. அந்தப் பகைவர்கள் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் படையினர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து.

1780 சரணடைவு

1780 ஜூலையில் ஹைதர் அலி பெரும்படையுடன் மலைக்கணவாய் வழியாக ஆர்க்காட்டுச் சீமைக்குள் இறங்கி, ஆர்க்காட்டை முற்றுகையிட்டார். காஞ்சிபுரத்தில் இருந்த தளபதி ஹெக்டர் மன்றோவுடன் சேர, குண்டூரிலிருந்து பெய்லி ஏறத்தாழ 2,800 பேருடன் புறப்பட்டார். கொசத்தலை ஆற்றில் வெள்ளம் வந்ததால் பல நாள் கரையிலேயே நிற்க நேர்ந்தது. செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கம் அருகே திப்பு அவரைத் தாக்கினார். மன்றோ அனுப்பிய கர்னல் பிளெட்சர் ஏறத்தாழ ஆயிரம் பேருடன் வந்து சேர்ந்தார். இருவரும் 9ஆம் தேதி இரவு காஞ்சிபுரம் நோக்கி நகர்ந்தனர். மன்றோவின் முகாம் சில மைல் தொலைவில்தான் இருந்தது. ஆனாலும் பெய்லி வழியில் படையை நிறுத்தினார்.

விடிந்தபோது மைசூர்ப் பீரங்கிகள் சூழ்ந்திருந்தன. கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. எஞ்சியோர் சதுரமாக அணிவகுத்துக் குதிரைப்படையின் தாக்குதல்களைத் தாங்கினர். முடிவில் பெய்லி சரணடைந்தார். அதன் பின்னும் வெட்டு தொடரவே, ஹைதரிடம் பணியாற்றிய பிரெஞ்சு அதிகாரிகள் தலையிட்டுப் பலரைக் காப்பாற்றினர். பிளெட்சர் களத்திலேயே இறந்தார். மன்றோ தம் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

பின்விளைவுகள்

கைதிகள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறை வைக்கப்பட்டனர். பெய்லி 1782 நவம்பரில் அங்கேயே இறந்தார். அவருடன் பிடிபட்ட டேவிட் பெயர்ட் 1784இல் விடுதலையாகி, 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையின் மீதான இறுதித் தாக்குதலுக்குத் தலைமை தாங்கினார்.

1781 ஆகஸ்ட் 27 அன்று கம்பெனியின் தளபதி ஐர் கூட் புள்ளலூரில் ஹைதருடன் மோதினார். தெளிவான வெற்றி எவருக்கும் கிட்டவில்லை. அவ்வாண்டு நவம்பரில் கூட் சித்தூரைக் கைப்பற்றினார். 1782 டிசம்பரில், சித்தூருக்கு அருகே, இன்றைய குடிபாலா வட்டாரத்து நரசிங்கராயன்பேட்டை முகாமில், முதுகில் வந்த ராஜபிளவையால் ஹைதர் மாண்டார். திப்பு மலபாரிலிருந்து வந்து சேரும்வரை அமைச்சர்கள் அச்செய்தியை மறைத்தனர்.

நினைவும் மீட்பும்

புள்ளலூரில் உள்ள இரு நினைவுத் தூண்கள் 1781 போரில் மாண்ட ஆங்கிலேய அதிகாரிகளுக்கானவை. முந்தைய ஆண்டின் சரணடைவு ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் ஓவியமாகத் தீட்டப்பட்டது. வெடிக்கும் வண்டியும், சிவப்புச் சட்டைச் சதுரமும், பல்லக்கில் விரலைக் கடித்தபடி இருக்கும் பெய்லியும் அதில் தெரிகின்றனர். 1799இல் திப்பு வீழ்ந்தபின் அம்மாளிகையில் தங்கிய ஆர்தர் வெல்லெஸ்லியும், பின்னர் தலைமை ஆளுநர் டல்ஹவுசியும் அவ்வோவியங்களைப் புதுப்பிக்கச் செய்தனர். ஆங்கிலேயரின் தோல்வியைக் காட்டும் அவ்வோவியம் அவர்கள் ஆட்சியிலேயே மீட்கப்பட்டு இன்றுவரை நிலைத்திருக்கிறது.