செவ்வாய்க்குப் போகாமல் நின்ற கருவி

ராக்கெட் புறப்படும்போது உலகமே தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்து கைதட்டுகிறது. அதற்கு முன்னால் பல ஆண்டுகள் மூடிய கூடங்களுக்குள் நடக்கும் சோதனைகளைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டே அரசுப் பணியில் காலத்தைக் கழித்தவன் நான். அதனாலோ என்னவோ, புறப்பட்ட கதைகளைவிட நிறுத்தப்பட்ட கதைகள்தான் என்னை இழுக்கின்றன. புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்ததால் பிரெஞ்சுச் செய்திகளைப் பார்க்கும் பழக்கம் இன்றும் உண்டு. 2015 டிசம்பரில் அப்படிக் கண்ணில் பட்டதுதான் 'செய்ஸ்' என்ற கருவியின் கதை.

செய்ஸ் என்பது ஒரு நில அதிர்வுமானி. அமெரிக்காவின் நாசா, 'இன்சைட்' என்ற கலத்தில் அதைச் செவ்வாய்க்கு அனுப்பத் திட்டமிட்டிருந்தது. கருவியைச் செய்து தரும் பொறுப்பு பிரான்சின் தேசிய விண்வெளி மையத்துடையது. பாரிஸ் பூகோள இயற்பியல் கழகத்தைச் சேர்ந்த ஃபிலிப் லோன்யோனே என்ற அறிஞர் அதன் முதன்மை ஆய்வாளர். சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, பிரிட்டன் நாடுகளும் ஆளுக்கொரு பாகம் செய்தன.

செவ்வாயின் அதிர்வை அளக்க வேண்டும் என்ற ஆசை புதிதல்ல. 1976-இல் இறங்கிய இரண்டு வைக்கிங் கலங்களிலும் அதிர்வுமானி இருந்தது. முதல் கலத்தில் பயணத்துக்காகப் போட்ட பூட்டே திறக்கவில்லை. இரண்டாவது கலத்தில் கருவி வேலை செய்தது. ஆனால் அது தரையில் இல்லாமல் கலத்தின் மேல்தளத்தில் இருந்ததால், காற்றில் கலம் ஆடிய ஆட்டத்தைத்தான் பெரும்பாலும் பதிவு செய்தது. ஆகவே இந்த முறை கருவியைத் தரையிலேயே இறக்கி வைத்து, மேலே ஒரு மூடியும் கவிழ்ப்பது என்று முடிவாயிற்று.

செய்ஸின் நுட்பத்தைச் சொன்னால் நம்புவது கடினம். ஒரு ஹைட்ரஜன் அணுவின் ஆரத்தில் பாதி அளவுக்குத் தரை அசைந்தாலும் அது உணரும். அதன் மூன்று முக்கிய ஊசல்களையும் ஓர் உலோகக் கோளத்துக்குள் வைத்து, உள்ளிருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். நம் வீட்டு ஃப்ளாஸ்க்கில் இரண்டு சுவர்களுக்கு நடுவே வெற்றிடம் இருப்பதால்தான் காப்பி ஆறாமல் இருக்கிறது. அதேபோல இங்கேயும் வெளியிலுள்ள சூடும் குளிரும் ஊசலைத் தொடக் கூடாது. உள்ளே காற்று இருந்தால் அதுவே ஊசலைத் தடுக்கவும் செய்யும். ஆக, வெற்றிடம் போனால் கருவியின் கூர்மையும் போயிற்று.

இதைப் பூமியில் எப்படிச் சோதிப்பது? செவ்வாயின் ஈர்ப்பு நம்முடையதில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. அந்த ஈர்ப்புக்குச் சமன் செய்த ஊசலை இங்கே அப்படியே வைத்தால் ஒரு பக்கம் போய் முட்டிக்கொண்டு நிற்கும். அதனால் கருவியையே சாய்த்து வைத்து, ஈர்ப்பில் ஒரு பங்கு மட்டும் ஊசல்மேல் விழும்படி செய்தார்கள். ராக்கெட்டின் குலுக்கலைத் தாங்குமா என்று பார்க்க அதிர்வு மேடைச் சோதனை, செவ்வாயின் குளிரைத் தாங்குமா என்று பார்க்கக் குளிர் அறைச் சோதனை என்று வரிசையாக உண்டு. பிரெஞ்சில் சோதனைக்கு 'எஸ்ஸே' என்பார்கள். கட்டுரைக்கும் அதே சொல்தான். 1580-இல் மோந்தேஞ் தம் நூலுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார். முடிவு என்ன வரும் என்று தெரியாமல் இறங்கிப் பார்ப்பது என்பது இரண்டுக்கும் பொதுவான பொருள்.

கலம் 2016 மார்ச்சில் புறப்பட வேண்டும். 2015-இல் கோளத்தில் கசிவு தெரிந்தது. அடைத்தார்கள். சைக்கிள் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்போமே, அந்த வேலைதான். ஆனால் இந்தக் கசிவு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. மேலும் குளிர்ந்தால் ஒவ்வோர் உலோகமும் ஒவ்வோர் அளவில் சுருங்கும். சாதாரண அறையில் இறுக்கமாக இருக்கும் இணைப்பு, கடுங்குளிரில் வாய் திறக்கலாம்.

டிசம்பர் 21, திங்கட்கிழமை. −45 பாகைக் குளிரில் மறுபடி சோதித்தார்கள். வெற்றிடம் நிற்கவில்லை.

அப்போது நிலைமை என்ன? கலம் ஐந்து நாள் முன்னதாகவே கலிஃபோர்னியாவின் வாண்டன்பர்க் ஏவுதளத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இந்த வாய்ப்பைத் தவறவிட்டால், பூமியும் செவ்வாயும் மீண்டும் ஏற்ற நிலைக்கு வர 26 மாதம் ஆகும். திட்டமே ரத்தாகிவிடும் ஆபத்தும் இருந்தது.

மார்ச் 31 நெருங்கும்போது அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இந்த நிலை புரியும். நிதி காலாவதியாகிவிடும், பில்லைப் பாஸ் செய்யுங்கள், குறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நாலா பக்கமும் சொல்வார்கள். ஆட்சேபணை எழுதுகிற எழுத்தரை யாருக்கும் பிடிக்காது. ஆனால் எங்கள் கோப்பில் விட்ட குறையை அடுத்த ஆண்டு தணிக்கையில் சரிசெய்ய வழி உண்டு. செவ்வாயில் இறங்கிவிட்ட கருவியைத் திருத்த யார் போவது?

மறுநாளே, டிசம்பர் 22 அன்று, பயணம் நிறுத்தப்பட்டதாக நாசா அறிவித்தது. கலம் கொலராடோவில் உள்ள தொழிற்சாலைக்குத் திரும்பியது. 2016 மார்ச்சில் திட்டத்தைக் கைவிடுவதில்லை என்று முடிவாயிற்று. புதிய வெற்றிடக் கோளத்தை வடிவமைத்துச் செய்யும் வேலையை நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் ஏற்றது. கருவியைப் பூட்டிச் சோதிக்கும் வேலை பிரெஞ்சுக்காரர்களிடமே இருந்தது. தாமதத்தால் நாசாவுக்கு ஆன கூடுதல் செலவு 15.38 கோடி டாலர். ஒரு சிறு கசிவுக்கான விலை அது.

2018 மே 5 அன்று இன்சைட் புறப்பட்டது. நவம்பர் 26 அன்று இறங்கியது. டிசம்பர் 19 அன்று இயந்திரக் கை செய்ஸைத் தூக்கித் தரையில் வைத்தது. அதன் பிறகு வாரக்கணக்கில் மௌனம். கடைசியில் 2019 ஏப்ரல் 6 அன்று மெல்லிய அதிர்வு ஒன்று பதிவாயிற்று. செவ்வாயின் உள்ளிருந்து மனிதன் கேட்ட முதல் நடுக்கம் என்று அதைச் சொன்னார்கள். மொத்தம் 1,300-க்கும் மேற்பட்ட நடுக்கங்கள் பதிவாயின. 2022 மே 4 அன்று வந்த 4.7 அளவு நடுக்கம்தான் எல்லாவற்றிலும் பெரியது. மேலோடு எவ்வளவு தடிமன், மையத்தில் உருகிய உலோகம் உண்டா என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்த அதிர்வுகளிலிருந்தே விடை கிடைத்தது.

சூரியப் பலகைகளில் தூசி படிந்து மின்சாரம் குறைந்து போக, 2022 டிசம்பர் 21 அன்று பயணம் முடிந்ததாக அறிவித்தார்கள். தேதியைக் கவனித்தீர்களா? குளிர் அறையில் கருவி தோற்ற நாளிலிருந்து சரியாக ஏழு ஆண்டுகள்.

அந்தத் திங்கட்கிழமை அழுத்தமானியின் முன் உட்கார்ந்து, முள் ஏறுவதைப் பார்த்து, 'தேறவில்லை' என்று எழுதியவர் யாரோ, அவர் பெயர் எனக்குத் தெரியாது. விஞ்ஞானிகளுக்கு வந்த பாராட்டில் ஒரு பங்கு அவருக்கும் சேர வேண்டியது என்பது என் எண்ணம்.