ஓட்டு வீட்டு மழை

கோவைப் பக்கம் பழைய தொட்டிக்கட்டு வீடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? நான்கு பக்க ஓட்டிலும் விழும் மழை நடு முற்றத்துக்கே வந்துவிடும். அங்கே அண்டா வைத்துப் பிடிப்பார்கள். மலைக்குக் கிழக்கே மழை குறைந்த பூமி ஆயிற்றே, சும்மா விடுவார்களா!

பிறகு கான்கிரீட் மொட்டை மாடி வந்தது, மழைநீர் சாக்கடைக்குப் போனது. 2003-ல் ஜெயலலிதா அரசு அவசரச் சட்டம் போட்டது. பழைய வீடுகளுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், இல்லாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம். கெடு சில மாதங்கள்தான். அந்த ஓட்டத்தில் பேருக்குத் தோண்டிய குழிகளும் உண்டு.

கணக்கைப் பாருங்கள்: 1000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 900 லிட்டர். குழியிலுள்ள ஜல்லி சேறடைத்துக் கிடந்தால் அத்தனையும் தெருவுக்குத்தான்.