பெரும்பூளையின் வரவு செலவு

பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது வேப்பிலை, ஆவாரம்பூவோடு சிறுபூளையும் சேர்த்துச் செருகுவோமே, அதன் பெரியண்ணன் ஒன்று நான் வேலை பார்க்கும் ஜோத்பூர்ப் பக்கம் தானாக வளர்கிறது. தமிழில் பெரும்பூளை, இந்த ஊர்க்காரர்களுக்குப் 'புயி'. அடித்தண்டு மட்டும் கட்டையாகும் சின்னச் செடி. பல வருடம் இருக்கும். வெள்ளைப் பஞ்சுக் கதிராகப் பூக்கும். அந்தப் பஞ்சைத் தலையணையில் அடைப்பார்கள். வேர் மணலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

இப்படிப்பட்ட செடிகள் இருந்தும், 1930களில் ஜோத்பூர் மகாராஜா உமேத் சிங் பாலைவனத்தைப் பசுமையாக்க விமானத்திலிருந்து விதை தூவினார் என்பார்கள். எந்த விதை? நம்ம ராமநாதபுரத்தை வளைத்துப் போட்டிருக்கும் அதே சீமைக் கருவேலம்! 1940இல் அதற்கு 'ராஜ மரம்' என்று பட்டம் வேறு. பிறகு அது மெஹ்ரான்கர் கோட்டையடிப் பாறைகளையும் பிடித்துக்கொண்டது.

2006இல் அங்கே ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்கா வேலை தொடங்கியது. பிரதீப் கிஷன் முன்னின்று செய்தார். வெட்டினால் மறுபடி துளிர்க்கும் மரம் அது. அதனால் பரம்பரைக் கல்லுடைப்பவர்களை வைத்துப் பாறையைக் கொத்தி வேரோடு எடுத்தார்கள். அந்தக் குழிகளில் இந்த மண்ணின் செடிகளையே வைத்தார்கள். 2011இல் பூங்கா திறந்தது.

அப்படியானால் பெரும்பூளை எங்கே போனாலும் நல்லபிள்ளையா? இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆர்டு ஆற்றுப் பகுதியில் மாடுகள் மேய்ந்து மேய்ந்து நிலம் கட்டாந்தரையானது. ஆற்றில் கட்டவிருந்த அணை வண்டலால் தூர்ந்துவிடும் என்று பயந்து, 1960களில் கொழுக்கட்டைப் புல்லோடு பெரும்பூளையையும் விதைத்தார்கள். மண் நின்றது. ஆனால் இன்று வட ஆஸ்திரேலியாவில் அதுவே பரவும் களை.

வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், ஒரே பெயர்தான்; ஒரு பேரேட்டில் வரவு, இன்னொன்றில் பற்று. மகாராஜாவும் ஆஸ்திரேலியாக்காரர்களும் நல்லதை நினைத்துத்தான் செய்தார்கள். பச்சையாகத் தெரிகிறதா என்று பார்த்தார்கள், அந்த ஊர்ச் செடியா என்று பார்க்கவில்லை.

நம்மூரிலும் சீமைக் கருவேலத்தை அகற்றுகிறார்கள், சந்தோஷம். அந்த இடத்தில் அடுத்து எதை வைக்கப்போகிறோம்? ஆவாரை, கொழிஞ்சி, சிறுபூளை என்று சொந்தப் பட்டியல் நம்மிடமே இருக்கிறதே!