சதுரங்கக் கட்டங்களும் காழியின் ஐயமும்

அரபு வாழ்க்கை வரலாற்று நூல்களுள் முன்வரிசையில் நிற்பது காழி இப்னு கல்லிகான் (ஹிஜ்ரி 608–681, கி.பி. 1211–1282) யாத்த 'வஃபயாத்துல் அஃயான்'. அதில் அபூபக்ர் அஸ்ஸூலியின் வரலாற்றைக் கூறுமிடத்து, காழி ஒரு தவற்றைத் திருத்துகிறார். அஸ்ஸூலி சதுரங்கத்தில் நிகரற்று விளங்கியதால் அவரே அதனைப் படைத்தவர் எனப் பலர் கருதினர். படைத்தவர் இந்தியரான ஸிஸ்ஸா இப்னு தாஹிர் என்பது காழியின் கூற்று. (ஆட்டத்தின் ஷரீஅத் நிலை பற்றி இமாம்களிடையே உள்ள கருத்து வேறுபாடு இங்கு நம் பொருளன்று.)

பரிசு கேட்குமாறு மன்னன் பணித்தபோது, ஸிஸ்ஸா முதற் கட்டத்திற்கு ஒரு கோதுமை மணி, அடுத்ததற்கு இரண்டு, பின்னர் நான்கு என 64 கட்டங்களுக்கும் இரட்டித்துக் கேட்டாராம். அற்பம் என்றெண்ணினான் மன்னன். கூட்டுத்தொகையோ 18446744073709551615.

காழி இதனை எளிதில் நம்பிவிடவில்லை. இஸ்கந்தரிய்யாவின் கணக்கர் ஒருவர் தாளில் எழுதிக் காட்டிய பின்னரே அவரது ஐயம் நீங்கிற்று. 16ஆம் கட்டத்தில் 32768 மணிகள். அதனை ஒரு கதஹ் என்னும் முகத்தலளவையாகக் கொண்டார் கணக்கர். அது வைபாவாகி, இர்தப்பாகி, 40ஆம் கட்டத்தில் ஒரு களஞ்சியமாயிற்று. 50ஆம் கட்டத்தில் 1024 களஞ்சியங்கள். அது ஒரு நகரின் இருப்பு. 64ஆம் கட்டத்தில் 16384 நகரங்கள்! செவிவழிச் செய்தியை ஏற்குமுன் கணக்குக் கேட்ட அந்த மனப்பாங்கே நம்மைக் கவர்கிறது.

காழிக்கு இரு நூற்றாண்டுகள் முன்பே அல்பீரூனி தமது 'அல்ஆஸாருல் பாக்கியா'வில் இத்தொகையைக் கண்டிருந்தார். 63 முறை இரட்டிக்கும் உழைப்பு அவருக்குத் தேவைப்படவில்லை. இரண்டின் வர்க்கம் 4, அதன் வர்க்கம் 16. பின்னர் 256, 65536, 4294967296. இறுதியானதை மீண்டும் வர்க்கித்து ஒன்றைக் கழித்தால் விடை வந்துவிடும்.

இவ்வெண்ணின் உள்ளமைப்பும் வியப்புக்குரியது. மேற்கூறிய வரிசையில், இரண்டு தொடங்கி ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537, 4294967297 கிடைக்கும். இவ்வாறையும் பெருக்கினால் சதுரங்கத் தொகையே வருகிறது. இவ்வகை எண்கள் யாவும் பகா எண்களே என ஃபெர்மா கருதினார். முதல் ஐந்தும் பகா எண்கள்தாம். ஆறாவது 641ஆல் வகுபட்டு 6700417 ஈவாகிறது என்பதை 1732இல் ஆய்லர் காட்டினார்.

கோடை விடுமுறையில் லவ்டேலில் சிறார் சிலருக்கு இதனை விளக்க நேர்ந்தபோது, அந்நிலத்தையே நாம் அளவுகோலாக்கினோம். மணி ஒன்று 40 மில்லிகிராம் எனில் மொத்தம் ஏறத்தாழ 73,800 கோடி டன். சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் கொண்ட நீலகிரி மாவட்டம் முழுவதும் பரப்பினால் முந்நூறு மீட்டருக்கும் மேல் உயரும். லவ்டேல் புகைவண்டி நிலையம் கோதுமைக்குள் புதைந்துபோகும். ஒரு சிறுமி உடனே தாளும் எழுதுகோலும் கேட்டாள். நாம் சொன்னதை அவள் நம்பவில்லை!

தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தில் பஹாவுத்தீன் ஆமிலியின் 'குலாஸத்துல் ஹிஸாப்' ஒருகாலத்தில் இடம்பெற்றிருந்தது. கணிதம் மார்க்கக் கல்விக்குப் புறம்பானது என அன்றைய உலமாக்கள் கருதவில்லை. இன்று ஃபராயிழ் பாடத்தில் வாரிசுப் பங்குகளைப் பிரிக்கையில் பின்னக் கணக்கில் தடுமாறும் மாணவர்களை ஆண்டுதோறும் வகுப்பில் காண்கிறோம். அந்நூலை மீண்டும் ஓதவைப்பதோ, தமிழில் புதிதாக ஒன்றை எழுதுவதோ நமது அரபுக் கல்லூரிகளுக்கு இயலாத காரியமன்று.