ஸ்போர்ட்ஸ் காரில் பேட்டரி பெற்ற இடம்

மோட்டார் காரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் எஞ்சினின் ஆற்றலைப் பற்றியும், உடற்கூட்டின் அழகைப் பற்றியும், பந்தயக் களத்தில் பெற்ற வெற்றிகளைப் பற்றியும் ஏடு ஏடாக எழுதியுள்ளனர். பேட்டரியை எங்கே வைத்தார்கள் என்பதைப் பொருட்படுத்தி எழுதியோர் மிகச் சிலரே. கண்ணில் படாத ஓர் அறையில் கிடக்கும் அந்தக் கறுப்புப் பெட்டிக்கு வரலாறு எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஆயினும், அது ஈயம் நிறைந்த பெட்டி. பதினைந்து கிலோகிராம், இருபது கிலோகிராம் என்று எடை காட்டும் பெட்டி. ஏறத்தாழ ஒரு டன் எடையே உள்ள சிறிய ஸ்போர்ட்ஸ் காரில் அவ்வளவு பாரத்தை எந்த மூலையில் வைப்பது என்பது எளிய கேள்வியன்று. வளைவிலே அந்தக் கார் ஓட்டுநரின் கைக்கு அடங்குமா, அடங்காதா என்பதோடு அக்கேள்விக்குத் தொடர்பு உண்டு.

பேட்டரி முதன்முதலில் காருக்காகப் பிறந்த பொருள் அன்று. பிரெஞ்சு நாட்டு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே 1859ஆம் ஆண்டிலேயே ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு, மீண்டும் மீண்டும் மின்னேற்றம் செய்யத்தக்க கலத்தைப் படைத்துவிட்டார். தொடக்க காலக் கார்களில் பலவற்றிற்கு அது தேவைப்படவில்லை. எஞ்சினைக் கைப்பிடியால் சுழற்றி உயிர்ப்பித்தனர்; எரிபொறியை மேக்னெட்டோ தந்தது; விளக்குகள் எண்ணெயாலோ அசிட்டிலீன் வாயுவாலோ எரிந்தன. கைப்பிடி சில வேளைகளில் எதிர்த்துத் திரும்பி, சுழற்றியவரின் மணிக்கட்டை முறித்ததும் உண்டு. 1911இல் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் மின்சாரத் தொடக்கியை உருவாக்க, 1912ஆம் ஆண்டுக் கடிலாக் கார்களில் அது இடம்பெற்றது. அன்றிலிருந்து கனத்த பேட்டரி காரின் நிலையான பயணியாயிற்று. எஞ்சினைச் சுழற்றும் அந்தச் சில விநாடிகளில் ஸ்டார்ட்டர் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தைக் கேட்கும். அதைக் கொடுக்கவே அத்தனை ஈயத் தகடுகளும் வேண்டியிருக்கின்றன.

பேட்டரி வந்து சேர்ந்தபோது அதற்கென ஓரிடம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. இடம் கிடைத்த மூலையில் வைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1945இல் வெளிவந்த எம்.ஜி. டி.சி. என்னும் ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரில் அது எஞ்சினுக்குப் பின்னால், பானெட்டுக்கு அடியிலேயே இருந்தது. மூடியைத் திறந்தால் கைக்கு எட்டும். 1955இல் தாழ்ந்த, வழவழப்பான உடலோடு எம்.ஜி.ஏ. வந்தபோது அந்த வசதி போயிற்று. இருக்கைகளுக்குப் பின்னால், தரைக்கு அடியில் பேட்டரி இறங்கிற்று. அங்கேயும் ஒரு தடை இருந்தது. எஞ்சினின் ஆற்றலைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டு செல்லும் சுழல்தண்டு நட்ட நடுவே ஓடியது. ஆகவே, பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்றை வைப்பதற்குப் பதிலாக, ஆறு வோல்ட் பேட்டரிகள் இரண்டைச் சுழல்தண்டின் இருபுறமும் வைத்துத் தொடரிணைப்பில் பிணைத்தனர். 1962இல் அதன் வாரிசாக வந்த எம்.ஜி.பி.யும் இம்முறையையே மேற்கொண்டது.

எடைக் கணக்கில் இது நல்ல ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும். பாரம் தரைக்கு அருகில் இருந்தது. பின் அச்சுக்குச் சற்று முன்னே, காரின் நடுப்பகுதியை ஒட்டி இருந்தது. இருபுறமும் சமமாகவும் இருந்தது. காவடித் தண்டின் இரு முனைகளிலும் பாரத்தைக் கட்டிக்கொண்டு சட்டெனத் திரும்ப முயல்பவர்க்குத் தெரியும், திரும்புவதும் கடினம், திரும்பிய பின் நிற்பதும் கடினம் என்று. அதே பாரத்தைத் தோளருகே நெருக்கிக் கட்டினால் உடல் எளிதில் திரும்பும். காரும் அவ்வாறே. ஆனால், பராமரிப்புக் கணக்கில் இது தீய ஏற்பாடு. கம்பளத்தைத் தூக்கி, மூடித் தகட்டைக் கழற்றிக் குனிந்து பார்த்தால்தான் பேட்டரி தெரியும் என்றால், எத்தனை பேர் பார்ப்பார்கள்? நீர்மட்டம் வற்றிற்று, சாலைச் சேறு ஏறிற்று, இரண்டையும் பிணைக்கும் கம்பியின் முனைகள் அரித்துப்போயின. கண்ணுக்கு மறைந்தது கவனத்துக்கும் மறைந்தது. 1974ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கறுப்பு ரப்பர் பம்பர்களோடு எம்.ஜி.பி. மாற்றம் பெற்றபோது, தொழிற்சாலையே இரட்டைப் பேட்டரியைக் கைவிட்டு, ஒரு புறத்தில் மட்டும் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்றை வைத்தது. 1980இல் அக்காரின் உற்பத்தி முடிவுறும் வரை அதுவே நிலைத்தது.

எடையை எண்ணாமல் இடவசதியை மட்டும் எண்ணிப் பேட்டரியை நகர்த்தியதும் உண்டு. 1948இல் தோன்றிய ஜாகுவார் எக்ஸ்.கே.120இல் இருக்கைகளுக்குப் பின்னால் இருந்த பேட்டரி, 1954இல் வந்த எக்ஸ்.கே.140இல் முன்சக்கர மேற்கவசத்துக்குள் சென்றது. அமர்வோர் கால் நீட்டச் சற்று இடம் கிடைக்க வேண்டும் என்பதே அதற்குக் காரணம்.

இவற்றிலெல்லாம் பேட்டரி இடம் தேடி அலைந்த பொருள். அதனையே மருந்தாகப் பயன்படுத்திய வரலாறு ஜெர்மனியில் நிகழ்ந்தது.

போர்ஷே நிறுவனம் 1963ஆம் ஆண்டு பிராங்பர்ட் கண்காட்சியில் காட்டி, 1964இல் உற்பத்தியைத் தொடங்கிய 911 என்னும் கார், ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பின் அச்சுக்கும் பின்னால் தாங்கிய ஒன்று. நேர்ச்சாலையில் அது அம்பு. வளைவிலோ, ஓட்டுநரின் பொறுமையைச் சோதிக்கும் குணம் அதற்கு இருந்தது. வேகமாக வளைவில் நுழைந்தவர் நடுவிலே அஞ்சி, விசைமிதியிலிருந்து காலை எடுத்தால் தொல்லை தொடங்கும். பாரம் முன்னோக்கிச் சாயும். பின்சக்கரங்களின் பிடிப்பு தளரும். பின்னால் இருக்கும் எஞ்சினின் கனம் வாலை வெளிப்புறமாக வீசும். இயல்பான அச்சமே விபத்தை அழைக்கும் காரணமாகிவிடும். அனுபவம் மிக்கவர் அதைச் சமாளித்தனர். மற்றவர்களின் கார் பின்பக்கம் முன்னாகச் சாலையை விட்டு வெளியேறியது.

நிறுவனத்தார் முதலில் கண்ட பரிகாரம் வியப்புக்குரியது. முன் பம்பரின் இரு ஓரங்களுக்குள்ளும் தலைக்கு ஏறத்தாழ 11 கிலோகிராம் எடையுள்ள வார்ப்பிரும்புக் கட்டிகளை ஒளித்து வைத்தனர். எடை குறைப்பதையே தொழிலாகக் கொண்ட பொறியாளர்கள், வேறு பயன் ஏதுமற்ற இரும்பைக் காரில் ஏற்றினார்கள்! அது வெட்கத்துக்குரிய பரிகாரமாக அவர்களுக்கே பட்டிருந்தால் வியப்பில்லை.

அந்த இரும்பு ஏன் முன் அச்சுக்கும் முன்னால், பம்பரின் ஓரத்தில் இருக்க வேண்டும்? ஒற்றைத் தட்டுத் தூக்குக்கோலைக் கையாண்டவர்க்கு விடை தெரியும். சிறு குண்டு, கோலின் பிடியிலிருந்து தள்ளிச் செல்லச் செல்லப் பெரும் பாரத்தை நிறுக்கிறது. வகுப்பறைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். இரு அச்சுகளுக்கும் இடையே 2 மீட்டர் தூரம் உள்ள ஒரு கார்; முன் அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் 10 கிலோகிராம் பாரத்தை வைக்கிறோம் என்று கொள்வோம். முன்சக்கரங்கள் தாங்கும் எடை 10 அன்று, 12.5 கிலோகிராம் கூடும். பின்சக்கரங்கள் தாங்கும் எடை 2.5 கிலோகிராம் குறையும். வைத்தது பத்து, முன்னுக்கும் பின்னுக்கும் உண்டான வேறுபாடு பதினைந்து.

1969ஆம் ஆண்டு மாதிரியாக, 1968இன் பிற்பகுதியில் வெளிவந்த 911இல் முறையான பரிகாரம் வந்தது. எஞ்சின் இருந்த இடத்திலேயே இருக்க, பின்சக்கரங்களை 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினர். அச்சுகளுக்கு இடையேயான தூரம் 2,211 மில்லிமீட்டரிலிருந்து 2,268 மில்லிமீட்டர் ஆயிற்று. எஞ்சினின் வெளிக்கூட்டை எடை குறைந்த மக்னீசியக் கலவையால் வார்த்தனர். மூன்றாவதாகச் செய்ததுதான் இங்கே முதன்மையானது. முன் சாமான் அறையில் இருந்த ஒற்றைப் பேட்டரியை நீக்கி, அதற்குப் பதிலாகச் சிறிய பேட்டரிகள் இரண்டை, முன்சக்கரங்களுக்கும் முன்னால், இருபுற மேற்கவசங்களின் மூலைகளில், தாழ்வாகப் பொருத்தினர். இரும்புக் கட்டி எங்கே இருந்ததோ ஏறத்தாழ அங்கேயே! சும்மா கிடந்த பாரத்தை இறக்கிவிட்டு, எப்படியும் சுமந்தாக வேண்டிய பாரத்தை அந்த வேலைக்கு அமர்த்தினார்கள். அக்காரில் செய்யப்பட்ட மாற்றங்களில் இதைவிடச் சிக்கனமானது இல்லை எனலாம்.

எம்.ஜி.பி.யிலும் இரண்டு பேட்டரி, 911இலும் இரண்டு பேட்டரி. ஆனால், இரண்டும் ஒன்றல்ல. முன்னதில் ஆறு வோல்ட் பேட்டரிகள் தொடரிணைப்பில் சேர்ந்து பன்னிரண்டு வோல்ட் தந்தன. ஒன்று செத்தால் கார் நின்றது. பின்னதில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரிகள் பக்க இணைப்பில் நின்று, மின்னழுத்தத்தைக் கூட்டாமல் கொள்ளளவைக் கூட்டின. இயற்பியல் பாடத்திற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேடினாலும் கிடைப்பதரிது.

முன்கனம் மிகுந்த கார்களில் இதற்கு நேர்மாறான வழி பின்பற்றப்பட்டது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959இல் வெளிவந்த மினியில் எஞ்சின் முன்னால் குறுக்காக இருந்ததால் பேட்டரி பின்னால் சென்றது. 1989இல் ஜப்பானிய மஸ்டா எம்.எக்ஸ்-5 என்னும் சிறு ஸ்போர்ட்ஸ் காரும் பேட்டரியைப் பின் சாமான் அறையில் வைத்தே எடையைச் சமன்செய்தது.

இனி, இப்பழைய கார்களைப் போற்றி வைத்திருப்போரின் செய்திக்கு வரலாம். எம்.ஜி.பி. உரிமையாளர் பலர், எட்டாத இடத்துப் பேட்டரியால் அலுத்து, அதைப் பின் சாமான் அறைக்கு மாற்றிவிடுகின்றனர். செய்வது எளிது போலத் தோன்றும். முதல் இடர் தரைக்கு அடியிலேயே காத்திருக்கிறது. எம்.ஜி.பி.யின் பெட்ரோல் தொட்டி அந்தச் சாமான் அறையின் தரைக்குக் கீழேதான் தொங்குகிறது. பேட்டரித் தட்டைப் பொருத்தத் துளையிடுபவர், எந்த உலோகத்தைத் துளைக்கிறோம் என்று அறிந்திருக்க வேண்டும். இரண்டாவது, வாயு. மின்னேற்றம் மிகும்போது பேட்டரியிலுள்ள நீர் பகுபட்டு ஹைட்ரஜன் வெளிப்படும். காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு கலந்தாலே தீப்பொறி பட்டுப் பற்றும். தொழிற்சாலை அமைத்த பழைய பெட்டி, காற்றோட்டம் உள்ள இடம். மூடிய சாமான் அறை அப்படியன்று. வெளியே செல்லும் குழாய் இல்லாமல் அங்கே திறந்த வகைப் பேட்டரியை வைப்பது அறிவுடைமை ஆகாது.

மூன்றாவது, கம்பி. ஸ்டார்ட்டர் முன்னால், பேட்டரி பின்னால். நான்கு மீட்டர் செப்புக் கம்பி வேண்டும் என்று கொள்வோம். குறுக்குவெட்டு 35 சதுர மில்லிமீட்டர் இருந்தால் அதன் தடை ஏறத்தாழ ஓர் ஓமில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. 200 ஆம்பியர் பாயும்போது 0.4 வோல்ட் இழப்பு, அது பொறுக்கத்தக்கது. சிக்கனம் கருதி 10 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் போட்டால் இழப்பு 1.4 வோல்ட் ஆகும். எஞ்சின் முனகும், உரிமையாளர் பேட்டரியைப் பழிப்பார். அதைவிடக் கொடியது, உருகி இல்லாமல் அக்கம்பியைக் காரின் நெடுகக் கொண்டு செல்வது. தகட்டு விளிம்பில் உரசி அதன் உறை தேய்ந்தால், பேட்டரியின் முழு ஆற்றலும் அந்த ஒரு புள்ளியில் பாயும். இருக்கைக்கு அடியில் தீப்பிடிக்க அது போதும். கம்பி தகட்டைக் கடக்கும் துளைதோறும் ரப்பர் வளையமும், பேட்டரியை ஒட்டி உருகியும், மோதலிலும் அசையாத இரும்புப் பட்டையும் இருந்தால்தான் இடமாற்றம் முடிந்தது என்று பொருள்.

பழமை மாறாமல் காக்க வேண்டும் என்பாரும், பயன்பாட்டுக்கு ஏற்ப மாற்றலாம் என்பாரும் இதில் இரு கட்சியாக நிற்கின்றனர். இருவரும் பெரும்பாலும் தோற்றத்தைப் பற்றியே வழக்காடுகின்றனர். எடையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எம்.ஜி.பி.யில் தொழிற்சாலையே 1974இல் செய்த வழியைப் பின்பற்றி, பழைய பெட்டி ஒன்றிலேயே பன்னிரண்டு வோல்ட் பேட்டரியை இருத்துவது, பாரத்தையும் இடத்தையும் கெடுக்காத வழி. பின் சாமான் அறைக்கு மாற்றுவதோ, அச்சுக்கு முன்னே இருந்த பாரத்தை அச்சுக்குப் பின்னே தள்ளுவது. ஆங்கிலேயப் பொறியாளர் காரின் நடுவை ஒட்டி வைத்ததைக் காவடித் தண்டின் முனைக்குக் கொண்டு செல்வது.

911இன் இரட்டைப் பேட்டரியும் நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1974ஆம் ஆண்டு மாதிரியில், மோதலைத் தாங்கும் புதிய பம்பர்கள் வந்தபோது, நிறுவனம் மீண்டும் பெரிய ஒற்றைப் பேட்டரிக்கே திரும்பி, அதை முன்புறத்தில் இடப்பக்கமாக வைத்தது. அதற்குள் 57 மில்லிமீட்டர் தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. 1969 முதல் 1973 வரையிலான கார்களை இன்று புதுப்பிப்போர், விளக்குகளுக்குப் பின்னால் உள்ள அந்த இரு பெட்டிகளையே முதலில் சோதிக்கின்றனர். அமிலம் கசிந்தும் மழைநீர் தேங்கியும் அவற்றின் தகடு இற்றுப்போயிருப்பது பெருவழக்கு. அவ்வாறு இற்றுப்போன பெட்டியை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைப்போர் சிலர். ஒன்றை மூடிவிட்டு மற்றொன்றோடு நிறுத்திக்கொள்வோர் சிலர்.